ஆயில் கசிவு குறித்து எட்டு அம்சங்களும் விடுபட்ட ஒன்றும்

1

இதை எழுதச் சொன்னவள் என் தங்கை. கதை எழுது என்று அவள் சொல்லவில்லை. கடிதம் எழுது என்றுதான் சொன்னாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"நீ எழுதித்தானே அவர இறக்குன? நீயே எழுதி ஏத்து."

'அவர்' என்பது அவள் கணவர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பதினேழு வருடமாக எஞ்சின் மெக்கானிக். அவருடைய முதலாளிக்கு நான் எழுதிய ஒரு புகார்க் கடிதத்தின் பலனாக இப்போது டயர் பக்கம் நிற்கிறார். சக்கரத்தைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், காற்றடிக்கிறார். முன்பெல்லாம் தெருவில் ஒரு வண்டி போனால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டு, அதற்கு என்ன கோளாறு என்று சொல்வாராம். இப்போது எந்த வண்டி போனாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்றாள் தங்கை. இந்தக் கதையில் ஆகவேண்டிய காரியம் ஒன்றுதான்: அவர் எஞ்சின் பக்கம் திரும்ப வேண்டும்.

அன்றே உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர் எழுதியாயிற்று. அடுத்தது 'பொருள்' என்ற வரி. அந்த ஒரு வரிக்குள் அடங்காத விஷயத்துக்குக் கடிதமே எழுதக் கூடாது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானும் இதுவரை மீறியதில்லை. எழுதிப் பார்த்தவை:

பொருள்: முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக. (ஏன் திரும்பப் பெற வேண்டும்? கார் இன்னும் ஒழுகிக்கொண்டுதானே இருக்கிறது?)

பொருள்: என் மாப்பிள்ளை நல்ல வேலைக்காரர், ஆனால் — ('ஆனால்' வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.)

பொருள்: ஆயில்

மூன்றாவது வரியை முடிக்கத் தெரியவில்லை. கசிவு எங்கிருந்து என்று தெரியாமல் ஒரு மனிதரைக் குற்றம் சொன்னது தவறென்றால், அது தெரியாமலே அவரைக் குற்றமற்றவர் என்று எழுதுவதும் தவறுதான். ஆகவே கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். எழுதிக்கொண்டே போனால் எங்கேயாவது ஈரம் தட்டுப்படும். தட்டுப்படும்வரை எழுதுவேன். வெட்டியது, திருத்தியது, பாதியில் விட்டது எதையும் மறைக்கப் போவதில்லை.

(என் மைப்பேனாவின் மூடி எங்கோ போய்விட்டது. கொஞ்ச நேரம் யோசித்தால்கூட நிப்பு காய்ந்துவிடுகிறது. பாதியில் நிற்கும் வாக்கியங்கள் சிலவற்றுக்கு என் மனம் காரணமல்ல, அதுதான் காரணம். எவை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.)

2

கார் பழையது. வெளிறிய பச்சை நிறம். பின்பக்க இடது கண்ணாடியை இறக்க வேண்டுமானால் ஒருவர் உள்ளேயிருந்து சுற்ற, இன்னொருவர் வெளியேயிருந்து அழுத்த வேண்டும். என் மனைவி கணக்கு டீச்சர்; தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். ஓட்டுவது அவள், பராமரிப்பது நான். பராமரிப்பு என்றால் என் அகராதியில் நோட்டு. தேதி, கிலோமீட்டர், என்ன நடந்தது என்று மூன்று பத்தி பிரித்துக் கோடு போட்ட நோட்டு.

வருடாந்தர சர்வீஸை மாப்பிள்ளையே தன் கையால் செய்தார். ஆயில் மாற்றினார், ஆயில் ஃபில்டர் மாற்றினார், அடியிலுள்ள வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார். வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வருடத்துக்கு பானெட்டைத் திறக்கிற வேலையே இல்லை மச்சான் என்றார். நான் அதையும் குறித்துவைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலை, ஷெட்டின் சிமென்ட் தரையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புச் சொட்டு இருந்தது.

போன் செய்தேன். வேலை முடிந்து நேரே வந்தார். டீ வருவதற்குள் தரையில் மல்லாந்து காருக்கடியில் போய்விட்டார். அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"வடிகால் போல்ட்டு ஓரமா ஈரம் இருக்கு மச்சான். ஆனா சொட்டு விழுற எடம் வேற, ஒழுகுற எடம் வேற. ஓடுறப்ப காத்து பின்னால தள்ளும், நிக்கறப்ப கீழ வழியும். மேலேருந்து பாத்துட்டு வரணும். இன்னும் ரெண்டு தடவ பாக்கறேன், அவசரப்படாதீங்க."

அன்றைய தேதியில் என் நோட்டில் இருப்பது: 'வடிகால் போல்ட். ஒப்புக்கொண்டார்.'

4

(மூன்றாம் பகுதி எங்கே என்று கேட்பீர்கள். எழுதி, எடுத்துவிட்டேன். சர்வீஸுக்கும் முதல் சொட்டுக்கும் இடையில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. அதில் ஒன்றுமே நடக்கவில்லை. கதை அங்கே நொண்டியது. எண்களை மாற்றி எழுதச் சோம்பலாக இருந்ததால் அப்படியே விட்டிருக்கிறேன்.)

போல்ட்டின் வாஷரை மறுபடி மாற்றினார். ஐந்து நாள் தரை காய்ந்திருந்தது. ஆறாம் நாள் சொட்டு. எஞ்சினின் தலைமூடிக்குக் கீழே உள்ள கேஸ்கட்டை மாற்றினார். இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு, இந்த முறை எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து வழிந்தது. அங்கே சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் சீலை மாற்ற இரண்டு விடுமுறை நாட்களைக் கொடுத்தார். பிறகு மறுபடி தலைமூடி. பூனையைத் துரத்துவது போலத்தான் இருந்தது. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு ஜன்னல் வழியாக வரும்.

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் நான் ஒரு சோதனை செய்வேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பி இருக்கிறதல்லவா, அதை உருவிப் பார்ப்பேன். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் அந்தக் கம்பி தன் இடத்தில் முழுக்க அமராமல் அரை விரல் மேலே எழும்பி நிற்கும். அழுத்தி வைத்துவிட்டு நோட்டில் எழுதுவேன்: 'கம்பி மேலே. அழுத்தினேன்.' இப்படி ஐந்து தேதிகள்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்வது நல்லது. நான் ஒரு குக்கர் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன். குக்கரிலும் ஒரு கேஸ்கட் உண்டு. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். கேஸ்கட் ஓரமாக ஆவி சீறுகிறது, இரண்டு கேஸ்கட் மாற்றிவிட்டேன், உங்கள் கம்பெனியே மோசம் என்று வாரத்துக்கு இருபது பேராவது எழுதுவார்கள். அவர்களுக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதன் மூன்றாம் பத்தி எனக்குத் தூக்கத்திலும் வரும்:

'புதிய கேஸ்கட் மாற்றுவதற்கு முன், மூடியின் மேலுள்ள ஆவிக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆவி தன் வழி அடைபட்டால் வேறு வழி தேடும்.'

கடைசி வாக்கியம் என் சொந்தச் சேர்க்கை. மேலதிகாரி கேட்காமலே ஒப்புக்கொண்ட ஒரே வாக்கியம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், புகார் எப்படி இருக்கக் கூடாது என்று தினமும் பார்க்கிறவன் நான். ஆகவே புகார் எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

5

எட்டு அம்சங்கள். தேதிகள் இணைப்பில். கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளைக்கு எழுதாமல் அவர் முதலாளிக்கு எழுதியதற்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம், உறவை வேலையில் கலக்கக் கூடாது என்பது. எழுதும்போது அது மிக நேர்மையான காரணமாகத் தெரிந்தது.

மூன்றாம் அம்சம்: 'முதல் பரிசோதனையிலேயே வடிகால் போல்ட்டில் குறை இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார்.'

ஆறாம் அம்சம்: 'ஒவ்வொரு முறை வேலை முடிந்த பிறகும் ஆயில் அளவுக் கம்பி சரியாக அழுத்தப்படாமல் மேலே எழும்பி நிற்கிறது. இது பழக்கமாகிப்போன கவனக்குறைவையே காட்டுகிறது.'

எட்டாம் அம்சத்தில் ஒரே வரி: 'கசிவு எஞ்சினில் இல்லை, கையில் இருக்கிறது.' அந்த வரி எழுதிய நாளில் எனக்கு ஒரு தனி திருப்தி இருந்தது. இரவு சாப்பாடு ருசித்தது. மறைப்பதற்கில்லை.

முதலாளி அந்தக் கடிதத்தை வருகைப் பதிவேட்டுக்கு மேலே இருக்கும் பலகையில் குத்திவைத்தார். புகார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னாராம். மறுவாரம் மாப்பிள்ளையை டயர் பக்கம் மாற்றினார். கடிதம் மட்டமாக எழுதப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

மாப்பிள்ளை ஒரே ஒரு முறை போன் செய்தார். சண்டை போடுவார் என்று பதில்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

"படிச்சேன் மச்சான். நல்லா எழுதியிருக்கீங்க." "அந்தக் கம்பிய மட்டும் நான் ஒவ்வொரு தடவையும் அழுத்தித்தான் வெச்சேன்."

அதற்கு என்னிடம் துண்டுக் காகிதம் இல்லை. சரி என்றேன்.

அதன் பிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வேறொரு மெக்கானிக் வந்தார். எஞ்சினின் அடித்தொட்டிக்குப் புது கேஸ்கட் போட்டார். எட்டே நாள். மறுபடி சொட்டு. கையை மாற்றியாயிற்று, கசிவு மாறவில்லை. அந்த வாரம்தான் தங்கை வந்து வாசலில் நின்றாள்.

6

நானே கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தேன். மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. வரிசையாகப் பார்க்கத் தெரியும். அதுபோதும் என்று பட்டது.

ஒரு பெரிய அட்டையை எடுத்து அதில் எஞ்சினின் அடிப்பக்கத்தை வரைந்தேன். கட்டம் போட்டேன். கட்டங்களுக்கு எண் கொடுத்தேன். விழும் சொட்டைப் பிடிக்க அட்டை காருக்கடியில் எப்போதும் ஒரே இடத்தில் அமரும்படி தரையில் சாக்பீஸால் மூலைகளைக் குறித்தேன். பிறகு எஞ்சினைக் கழுவினேன். அழுக்கு நீக்கும் திரவம், பழைய பல்துலக்கும் பிரஷ், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை ஒருமுறை சொன்னது ஞாபகமிருந்தது: எஞ்சின் முழுக்கப் பவுடர் தூவிவிட்டு ஓட்டினால், எங்கே ஒழுகுகிறதோ அங்கே மட்டும் பவுடர் நனைந்து கோடு விழும்.

மனைவியின் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது அவள் பார்த்துவிட்டாள்.

"எனக்குக்கூட இவ்ளோ போட மாட்டேன். எஞ்சினுக்கு யாரு பொண்ணு பாக்க வர்றாங்க?"

அவளே ஓட்டினாள். நான் பக்கத்தில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர், மேடு ஒன்று, இறக்கம் ஒன்று. திரும்பி வந்து பானெட்டைத் திறந்தால்

(இந்த வாக்கியத்தை நான்கு விதமாக முடித்துப் பார்த்தேன். 'திகைத்தேன்' சரியில்லை. எனக்குத் திகைப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.)

ஐந்து இடத்தில் கோடு. தலைமூடி, முன்பக்க சீல், அடித்தொட்டி, ஃபில்டர் ஓரம், போல்ட். எல்லாம் புதிதாக மாற்றியவை. ஐந்தும் சற்றுச் சற்று. ஒரு இடம் ஒழுகுகிற மாதிரி இல்லை. எஞ்சின் முழுக்க வியர்த்தது போல இருந்தது. அளவுக் கம்பி வழக்கம்போல மேலே நின்றது. இந்த முறை அதை அழுத்தியவன் நான்தான். ஓட்டுவதற்கு முன், என் கட்டை விரலால், சாட்சியோடு.

அதை நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் அம்சம் அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் ஆறாம் அம்சம் விழுந்தால் கம்பியை மேலே தள்ளுவது யார்?

7

இதுவரை எழுதியதை மனைவியிடம் கொடுத்தேன். கதையில் இப்போது நீங்கள் நிற்கும் இடம்வரை. விடைத்தாள் கட்டுக்கு நடுவில் அதையும் செருகிக்கொண்டு, சிவப்பு பென்சிலோடு படித்தாள். முதல் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையைச் சுழித்தாள். இரண்டாம் பகுதியில் 'ஒப்புக்கொண்டார்' என்பதன் அடியில் கோடு போட்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தாள். கடைசியில் திரும்ப முன்னால் போனாள்.

"ரெண்டுக்கு அப்புறம் நாலு. நடுவுல ஒரு ஸ்டெப் காணோமே."

அதில் ஒன்றுமில்லை, ஏர் ஃபில்டரைத் துடைத்தேன், அவ்வளவுதான், கதைக்கு அது சுமை என்றேன்.

"என் பசங்களும் இதேதான் சொல்லும். ஒண்ணுமில்ல டீச்சர், மனசுலயே போட்டுட்டேன்னு. தப்பு அங்கதாங்க இருக்கும், எப்பவும்."

"தப்பு இல்ல. சுவாரசியம்தான் இல்ல."

"சரி, நீங்க வாசகருக்காக எழுதுறீங்களா, காருக்காக எழுதுறீங்களா?"

என் தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டாள். மூன்றாம் பகுதியை எழுதிய தாள் குப்பைக்குப் போயிருந்தது. கார் நோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. தேடியபோது அது 'வீட்டுச் சில்லறை வேலைகள்' என்ற இன்னொரு நோட்டில் கிடைத்தது. ஃபில்டர் துடைப்பதை நான் வண்டி வேலையாகக் கணக்கில் எடுக்கவில்லை போலும். தூசி தட்டுவது என்ற தலைப்பில், மின்விசிறிக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் இருந்தது. எதையும் எழுதிவைத்துவிட்டால் பிறகு மறந்துவிடலாம் என்பது என் வழக்கம். அதற்குத்தானே எழுதுவது.

அந்த இரண்டு வரிக் குறிப்பை வைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன்.

3

ஞாயிற்றுக்கிழமை. சர்வீஸ் முடிந்து பதினோராம் நாள். மனைவி ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கை சும்மா இருந்தது. பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரின் தூசியைத் தட்டலாம் என்று தோன்றியது. நான்கு கிளிப்பையும் ஒரு திருகாணியையும் கழற்றி, ஃபில்டர் பெட்டியையே வெளியே தூக்கினேன். துடைத்தேன். திரும்ப வைத்தேன். திருகாணியை முடுக்கினேன். கிளிப் நான்கையும் மாட்டினேன். எல்லாம் ஆன பிறகு பார்த்தால், எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து வரும் விரல் பருமனான ரப்பர் குழாய் ஒன்று எதிலும் சேராமல் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது.

எங்கிருந்து கழன்றது என்று பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். மேலே இல்லை, பக்கங்களில் இல்லை. அடியில் பார்க்க வேண்டுமானால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தேவையற்ற குழாயாக இருக்கும், பழைய கார்களில் அப்படிச் சில இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் திறந்து கிடந்தால் தூசி போகும். பூச்சி போகும். பொதுவாகவே திறந்து கிடக்கும் எதுவும் எனக்கு ஆகாது. ஒட்டாத உறை ஒன்று மேசையில் கிடந்தால் எழுந்து போய் ஒட்டிவிட்டுத்தான் படுப்பேன். சட்டைப் பையில் பேனா இருந்தது. அதன் மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். இப்போதைக்கு இது இருக்கட்டும், பிறகு வேறு வாங்கலாம் என்று கறுப்பு டேப்பைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டினேன். நன்றாக வந்திருந்தது. கம்பெனியிலிருந்தே அப்படி வந்தது போல இருந்தது. அளவெடுத்துச் செய்தாற்போல மூடி உட்கார்ந்து, குழாயின் வாய் கச்சிதமாக அடைபட்

8

ஷெட்டுக்கு ஓடினேன் என்று எழுத ஆசை. நடந்தேதான் போனேன். போகும் வழியில் குக்கர் பதிலின் மூன்றாம் பத்தியை முழுதாக ஒருமுறை மனதுக்குள் சொன்னேன்.

முதலில் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகினேன். முழுக்கத் திருகுவதற்குள் அது கையை மேலே தள்ளியது. குப்பென்று புகை. உள்ளே இத்தனை நாள் காற்று போக இடமில்லாமல் முட்டிக்கொண்டிருந்தது. அதுதான் கம்பியைத் தூக்கியது. அதுதான் ஒவ்வொரு புதுக் கேஸ்கட்டின் ஓரத்திலும் ஆயிலைப் பிதுக்கியது. ஒரு இடத்தை மாப்பிள்ளை இறுக்கினால் இன்னொரு இடம். அவர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாரோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த இடம்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் கையை விட்டுத் தடவினேன். கண்ணுக்குத் தெரியாத இடம். விரலுக்கு முதலில் டேப் தட்டுப்பட்டது, பிறகு நூல், பிறகு முடிச்சு. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். கடிதக் கட்டுகளை நான் இரண்டு சுற்று சுற்றி நடுவில் இழுத்துப் போடும் முடிச்சு. ஆபீசில் அதை அவிழ்க்க முடியாமல் எல்லோரும் கத்தரிக்கோல் தேடுவார்கள்.

நானும் கத்தரிக்கோல்தான் எடுத்துவந்தேன்.

பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், விரல் பருமனில் ஒரு குழாய்முனை இருந்தது. இத்தனை மாதமாக அதுவும் காலியாகத் திறந்திருந்தது. ரப்பர் குழாயை அதில் செருகினேன். எஞ்சினைத் துடைத்தேன். பவுடர் தூவினேன். மனைவி பள்ளிக்கூடம் போய்வந்தாள். முதல் நாள் அட்டை சுத்தம். ஐந்தாம் நாள் சுத்தம். ஆறாம் நாள் இருபத்திரண்டாம் கட்டத்தில் ஒரு சொட்டு. தொட்டு முகர்ந்தேன், மழைத் தண்ணீர். ஒன்பதாம் நாளும் சுத்தம். கம்பி தன் இடத்தில் அசையாமல் இருந்தது.

மனைவி அந்தப் பேனா மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அஞ்சு மாசமா சட்டைப் பையில மை ஒழுகுதுன்னு பேனா கம்பெனிக்கும் ஒரு லெட்டர் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

ஞாபகம் இருந்தது. நான்கு அம்சங்கள்.

9

இங்கே கதையை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். ஆசிரியன் நான்தான், கைகளில் சாவி இருக்கிறது.

ஒரு வழி: மாப்பிள்ளையும் அந்தக் குழாயைப் பார்த்திருப்பார்தானே? பதினேழு வருட அனுபவம். டேப் சுற்றியதைக் கண்டதும் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? இப்படி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்தது. படித்தால் குற்றம் சரிபாதியாகப் பிரிந்துவிடும். ஆனால் நான் கட்டிய நேர்த்தியைப் பார்த்தால் கம்பெனியில் கட்டியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்றாம் பகுதியில் அதைப் பெருமையாக நானே எழுதியிருக்கிறேன். பத்தியை வெட்டிவிட்டேன்.

பிறகு, ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன்பே, அங்கே என்ன நடக்கும் என்று மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மாப்பிள்ளை சிரித்துவிடுகிறார், பேனா மூடியா மச்சான் என்று தோளில் தட்டுகிறார். இரண்டாவதில் ஒன்றும் பேசாமல் டயரை உருட்டிக்கொண்டு போகிறார். மூன்றாவதில், கம்பியை நான் அழுத்தித்தான் வைத்தேன் என்று மறுபடி அதையே சொல்கிறார், நான் தலைகுனிகிறேன். மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. தலைகுனிவதை நன்றாக வர்ணித்திருந்தேன்.

மனைவியின் சிவப்பு பென்சில் மூன்றின் மேலும் ஒரே கோடாகப் போனது.

"விடையையும் நீங்களே எழுதிக்கிட்டா அப்புறம் எதுக்குங்க அங்க போறீங்க?"

ஆகவே கடிதத்தை மட்டும் எழுதினேன். இந்த முறை பொருள் ஒரே வரியில் அடங்கியது.

'பொருள்: நான் அடைத்த குழாய் தொடர்பாக.

ஐயா,

எஞ்சினின் உள்காற்று வெளியேறும் குழாயை, சர்வீஸ் முடிந்த பதினோராம் நாள், யாரிடமும் கேட்காமல் என் பேனா மூடியால் அடைத்தவன் நான். அதன் பிறகு எந்தக் கேஸ்கட் மாற்றியிருந்தாலும், யார் மாற்றியிருந்தாலும் ஒழுகியே இருக்கும். என் முந்தைய கடிதத்தின் எட்டு அம்சங்களில் ஆறாவது மட்டும் உண்மையான அடையாளம். அதையும் நான் தவறாகப் படித்தேன். மூன்றாவதில் உள்ள "ஒப்புக்கொண்டார்" என்ற சொல் என்னுடையது, அவருடையதல்ல. எட்டாவது வரி அழகுக்காக எழுதியது. முந்தைய கடிதம் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் இதையும் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மூடி இணைக்கப்பட்டுள்ளது.'

10

தபாலில் போடவில்லை. கொண்டுபோனேன்.

முதலாளி நின்றபடி இரண்டு முறை படித்தார். பலகையில் இருந்த பழைய கடிதத்தைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார்.

"ரெண்டுமே உங்க கையெழுத்து. நான் எத நம்பறது?"

"ரெண்டாவத. இதுக்குச் சாட்சி இருக்கு" என்று மூடியை மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். புதிய கடிதத்தைப் பழையதன் மேல் குத்திவிட்டு, டயர் பக்கம் பார்த்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தளர்ந்தது. பலகைக்கு முன்னால் நின்று படித்தார். மெதுவாகப் படிப்பவர் அவர். ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார், மேலேயிருந்து பார்த்துக்கொண்டு வருகிறவர் போல. முடித்ததும் மேசையிலிருந்த மூடியை எடுத்து ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு எஞ்சின் இறங்குது" என்றார் முதலாளி. "பாக்குறியா?"

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். வெளியே தெருவில் ஏதோ ஒரு வண்டி முக்கிக்கொண்டு போயிற்று. அவர் தலை லேசாகச் சாய்ந்தது. அது போகும்வரை பொறுத்துவிட்டு, "மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொன்னதை நான் எழுதினால் எப்படி ஆகும் என்பதற்கு இரண்டாம் பகுதி இருக்கிறது. உங்களுக்கு முடிவு வேண்டுமானால் ஒன்பதாம் பகுதியில் மூன்று வெட்டப்பட்டுக் கிடக்கின்றன; எடுத்துக்கொள்ளலாம், நான்காவது ஒன்று எழுதிக்கொள்ளலாம். எனக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஒரே ஒரு வாக்கியம் போதும், கச்சிதமாக உட்கார்ந்துவிடும். இந்த முனை திறந்தே இருக்கட்டும்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பலகையைப் பார்த்தேன். என் இரண்டு கடிதங்களும் அங்கேயே இருக்கின்றன. இரண்டாவதன் மூலையில் பேனா மூடியை யாரோ மெல்லிய கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். முடிச்சு என்னுடையதல்ல.